இருபத்து மூன்றாவது வீட்டு மூச்சு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. மேசைக்கடியில் கணப்பு இருக்கிறது. போர்வையைத் தூக்கிக் கால்களை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனவர்கள் முதலில் விடட்டும், இடித்துக்கொள்ள வேண்டாம். ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே கேட்கலாம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை தருகிறேன் என்று சொன்னேன் அல்லவா, தருகிறேன். இதில் கெட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் மரியாதை தெரிந்தவர்கள். அப்படிப்பட்ட கதைகளைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

நம் ஒகினோசே தீவின் கீழ்க்குடியில் அப்போதும் இருபத்து மூன்று வீடுகள்தான். மேட்டின் உச்சியில் அரசின் கிளை அலுவலகம். அதையொட்டி முதல் வீடு, ஊர்த்தலைவர் குனிமாட்சுவுடையது. அங்கிருந்து ஒரே சரிவு; வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தால் பாறைக்கரையில் கடைசி வீடு, ஜின்பெயுடையது. ஜின்பெய் குளிர்காலத்தில் பாறைகளில் பாசி சுரண்டுகிறவன். எழுபது வயது. ஒரு சொல் பேசுவதற்கு முன் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். அவன் மனைவி மிசாவோ அதற்கு நேர்மாறு. நாக்கில் கத்தி வைத்திருந்தாள். ஆனால் நுரையீரல் கெட்டு நான்கு வருடம். சுவரோரம் ஒரு இயந்திரம் முனகிக்கொண்டே இருக்கும். அதன் குப்பித் தண்ணீரில் குமிழிகள் எழும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவள் மூக்குக்குப் போகும். அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுத்தால்தான் அவளுக்கு மூச்சு.

அந்த ஜனவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. லேசான பனி இல்லை, ஈரப் பனி, சோற்றுப் பருக்கை போலக் கனமானது. மூங்கில்களும் தேவதாருக்களும் அதைச் சுமக்க முடியாமல் மின்கம்பிகள்மேல் சாய்ந்தன. நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு மின்சாரம் போயிற்று. எட்டு மணிக்குக் கைபேசிகளும் செத்தன. கப்பல் அதற்கு முன்தினமே நின்றுவிட்டது.

இயந்திரம் முனகலை நிறுத்தியதும் ஜின்பெய் மாற்று சிலிண்டரைத் திறந்து குழாயை அதில் மாட்டினான். ஒரே ஒரு சிலிண்டர். ஒன்பது மணி நேரம் வரும். அதாவது மாலை நான்கு மணி வரை.

"அலுவலகத்துல ஜெனரேட்டர் இருக்கு. போய் கேளுங்க," என்றாள் மிசாவோ. "நாலு மணிக்குள்ள பேசி முடிச்சிடணும். உங்களுக்கு ஒரு வார்த்தைக்கு ரெண்டு செருமல் வேணும், அதான் பயமா இருக்கு."

இடுப்பளவுப் பனியில் எண்ணூறு மீட்டர். ஜின்பெய் பனிவாரியால் வெட்டி வெட்டி ஏறினான். அலுவலகத்தை அடையும்போது ஒன்பது மணி.

அங்கே விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நடு அறையில் எழுத்தர் ஹோரிகோமே முழங்காலிட்டு ஒரு நீண்ட மரப்பலகையை இழைப்புளியால் இழைத்துக்கொண்டிருந்தார். அதில் "புயல் பேரிடர் எதிர்ப்புத் தலைமையகம்" என்று ஏற்கெனவே இருந்தது. இப்போது வந்திருப்பது பனி. ஆகவே "புயல்" என்பதை மட்டும் இழைத்து எடுத்துவிட்டு "பனி" என்று எழுத வேண்டும். பலகை வாசலில் தொங்கும் வரை தலைமையகம் இல்லை. தலைமையகம் இல்லாத வரை பேரிடர் இல்லை.

கிளைத் தலைவர் ஷிஷிடோ பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். பெருநிலத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு அனுப்பப்பட்டவர். சாம்பல் நிற அவசரகாலச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல். கூரைக்குக் கீழே நின்றுகொண்டே வெள்ளைத் தலைக்கவசம் அணிந்திருந்தார். ஜின்பெய் செருமி, செருமி, விஷயத்தைச் சொன்னான். ஷிஷிடோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"ஜின்பெய் அய்யா, நீங்க நேர்ல வந்தது ரொம்ப நல்லது," என்றார். "ஜெனரேட்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணு அலுவலகத்துக்கு. இன்னொண்ணு அதோ, பெட்டி பிரிக்காம இருக்கு, அது மக்களுக்கு. ஆனா மக்கள்னா எல்லாரும். நீங்க ஒருத்தர்தான."

ஜின்பெய்க்கு அதில் தவறு ஒன்றும் தெரியவில்லை. அவன் ஒருவன்தான். ஜெனரேட்டர் வேண்டாம், மனைவியை இங்கேயே தூக்கிக்கொண்டு வந்து ஒரு மூலையில் உட்கார வைக்கலாமா என்று கேட்டான். அது இன்னும் சிக்கல் என்று ஷிஷிடோ வருத்தத்தோடு விளக்கினார். ஒருவர் உள்ளே வந்து தங்கினால் அலுவலகம் முகாம் ஆகிவிடும். முகாம் என்றால் தலைக்கு இரண்டு கம்பளி. ஊரில் நாற்பத்தொரு பேர். கையிருப்பில் பத்தொன்பது கம்பளி. பற்றாக்குறையோடு முகாம் திறந்தார் என்ற பெயர் அவருக்கு வரக்கூடாது. திறக்காவிட்டால் பற்றாக்குறையே இல்லை.

அதற்குள் ஒலிபெருக்கியில் அறிவிப்பு நேரம். ஹோரிகோமே இழைப்புளியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படித்தார். மின்சாரம் இல்லாத வீடுகள் உடனே தொலைபேசியில் தெரிவிக்கும்படியும், இதுவரை ஓர் அழைப்பும் வராததால் ஊரார் அனைவரும் நலம் என்று அறிந்து கிளை அலுவலகம் மகிழ்வதாகவும் ஊர் முழுக்கக் கேட்டது. நான் பனி மூடிய வீட்டில் இருட்டில் உட்கார்ந்து கேட்டேன். குரல் நன்றாக இருந்தது.

பலகை தொங்கியபோது பத்து மணி. சாய்ந்திருக்கிறது என்று இறக்கி மறுபடி தொங்கவிட்டார்கள். அதன்பின் தலைமையகம் தன் முதல் வேலையாக, முத்திரையிட்ட ஒரு உறையை இரும்பு அலமாரியிலிருந்து எடுத்தது. பேரிடர் காலத்தில் தனிக் கவனம் தேவைப்படுகிறவர்களின் பட்டியல் அது. மிசாவோவின் பெயரும் இருக்கும். ஜின்பெயே இரண்டு வருடத்துக்கு முன்னால் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தான். அவன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். ஹோரிகோமே கத்திரியால் ஓரத்தை நறுக்கித் தாளை விரித்தார்.

தாள் முழுக்கக் கறுப்பு. பெயர், வீடு, நோய் எல்லாவற்றின்மேலும் தடித்த மை. தனிமனித விவரங்களைக் காக்கும்படி பெருநிலத்தில் யாரோ பத்திரமாக அழித்து அனுப்பியிருந்தார்கள். வெள்ளையாக மிஞ்சியது தலைப்பும் பக்க எண்ணும்தான்.

ஜின்பெய் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா காஞ்ச பாசி மாதிரி இருக்கு," என்றான். கேலி செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்ததில் அதுதான் அப்படிக் கறுப்பு.

"உங்க மனைவி விவரம் எவ்வளவு பாதுகாப்பா இருக்குன்னு இப்ப நீங்களே நேர்ல பாத்துட்டீங்க," என்றார் ஷிஷிடோ.

கடைசியில் அவருக்கு ஒரு வழி தோன்றியது. எல்லா வீட்டையும் கேட்டுவிடுவது. வீடு வீடாகக் கைமாறிப் போகும் சுற்றுப்பலகையில் ஒரு தாளை வைத்து அனுப்புவது; ஜெனரேட்டர் வேண்டும் என்கிற வீடு வட்டம் போடட்டும், வேண்டாம் என்கிற வீடு பெருக்கல் குறி போடட்டும், பக்கத்தில் கையெழுத்துக்குப் பதிலாக வீட்டு முத்திரை. இருபத்து மூன்று முத்திரையும் விழுந்து தாள் திரும்பி வந்த நிமிடமே ஜெனரேட்டர் வெளியே போகும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

தானே அதை எடுத்துக்கொண்டு ஓடட்டுமா என்று ஜின்பெய் கேட்டான். ஷிஷிடோ அதிர்ந்துபோனார். சுற்றுப்பலகை ஊரின் சொந்த ஏற்பாடு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, வரிசைப்படி, வீட்டுக்காரர் கையாலேயே போக வேண்டும். அதில் அரசு தலையிடுவது மக்களாட்சிக்கு அழகில்லை. வேண்டுமானால் ஜின்பெய் முன்னால் நடந்து பனியை விலக்கலாம்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்க நினைப்பது எனக்குத் தெரிகிறது. கேட்காதீர்கள், கண்ணுகளா. நீங்களும் இந்தத் தீவில் பிறந்தவர்கள்தான். பலகை வரிசை தாண்டி ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டாரோடு எத்தனை தலைமுறை பேச்சுவார்த்தை இருக்காது என்று உங்களுக்கும் தெரியும்.

முதல் வீட்டில் குனிமாட்சு பலகையை வாங்குவதற்காக நல்ல மேல்சட்டை அணிந்துகொண்டு வந்தார். தாளைப் படித்தார். பருவ வாழ்த்து இல்லாமல் வெறுமே விஷயத்தை எழுதி அனுப்புவது ஊருக்குப் பழக்கமில்லை என்று சொல்லி, "கடுங்குளிர் நாளில் தங்கள் அனைவரின் உடல்நலமும் சிறக்க வேண்டி" என்று தொடங்கும் ஒரு மேலுறைக் கடிதத்தைத் தூரிகையால் எழுதினார். விரல் விறைத்திருந்ததால் இரண்டு தடவை கிழித்துப் போட்டார். பிறகு குறி போடும் கட்டத்துக்கு வந்து நெடுநேரம் யோசித்தார்.

வட்டம் போட்டால் பேராசைக்காரர். பெருக்கல் போட்டால், அரசு கொடுப்பதை வேண்டாம் என்கிற திமிர்பிடித்தவர். குனிமாட்சு முக்கோணம் போட்டார். மற்றவர்களுக்கு வேண்டாம் என்றால் நமக்கு இருக்கட்டும், மற்றவர்களுக்கு வேண்டும் என்றால் நமக்கு வேண்டாம் என்பது அதன் பொருள். இரண்டாம் வீடு அதைப் பார்த்துவிட்டு முக்கோணம் போட்டது. மூன்றாம் வீடும்.

ஜின்பெய் முன்னால் பனி வெட்டினான். பின்னால் பலகை வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவனை வாசலில் நிற்கவைப்பது முறையா? உள்ளே அழைத்தார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருந்து தேநீர் கொடுத்தார்கள். மிசாவோவை நினைத்து எல்லாரும் கண் கலங்கினார்கள். ஒருவரும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. முள்ளங்கி கொடுத்தார்கள், உலர்ந்த கணவாய் கொடுத்தார்கள், ஊறுகாய் கொடுத்தார்கள். முதுகுக்கூடை கனக்கக் கனக்க அவன் நன்றி சொன்னான், சொல்லும்போது செருமினான்.

ஐந்தாம் வீட்டில் தொகுயோ பாட்டிக்கு முத்திரை கிடைக்கவில்லை. கிடைத்தபோது மூன்று கிடைத்தன. "பேரிடருக்கு எதுடா போடறது, தம்பி?" என்று கேட்டாள். "நிலத்துக்கு ஒண்ணு, பாங்குக்கு ஒண்ணு, தபாலுக்கு ஒண்ணுன்னு அவர் வெச்சிருந்தார். இதுக்குன்னு சொல்லாமப் போயிட்டாரே." இறந்த கணவரின் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, அது எரிந்து முடியும் வரை யோசித்து, தபால் முத்திரையைப் போட்டாள். முக்கோணமும் போட்டாள்.

பதின்மூன்று வீடு, பதின்மூன்று முக்கோணம். மணி ஒன்றரை.

பதினாலாம் வீடு உஷியாமாவுடையது. இருபத்தாறு வருடம் ஊர்த்தலைவராக இருந்தவர். அக்டோபரில் காலமாகிவிட்டார்; வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனால் சுற்றுவரிசையில் ஒரு பெயரை நீக்குவது ஏப்ரல் பொதுக்கூட்டத்தில்தான். அதுவரை என்ன செய்வது? பெரிய மனிதரைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே பலகையை அவர் முன்கூடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் வைப்போம். அவர் படித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை பதினைந்தாம் வீட்டார் வந்து எடுப்பார்கள். நான்கு மாதமாக அப்படித்தான் நடந்தது. முத்திரைக் கட்டம் காலியாக இருக்கும். இறந்தவர் என்பதால் யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தத் தடவை இருபத்து மூன்றும் விழ வேண்டும் என்று தாளிலேயே எழுதியிருந்தது.

பதின்மூன்றாம் வீட்டுக்காரர் பலகையைக் கொண்டுபோய் உஷியாமாவின் முன்கூடத்தில் வைத்தார், கைகூப்பினார், "நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்க, முத்திரைக்கு என்ன பண்றதுன்னு அப்பப் பாத்துக்கலாம், கவலைப்படாதீங்கண்ணே," என்று ஜின்பெயிடம் அன்பாகச் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜின்பெய் அந்தக் கூடத்தில் தனியாக நின்றான். எழுபது வருடத்தில் ஒரு தடவைகூட அவன் வரிசை மீறியதில்லை. பக்கத்துப் பாறையில் பாசி நன்றாக இருந்தாலும் தன் பாறையிலேயே சுரண்டுகிறவன். கூடையை இறக்கினான். ஒரு முள்ளங்கியை எடுத்துக் குறுக்கே வெட்டினான். பாசி சுரண்டும் கத்தியின் முனையால், வாசலில் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து, அந்த வெள்ளை வட்டத்தில் உஷியாமாவின் பெயரைச் செதுக்கினான். பலகையோடு கட்டியிருந்த சிவப்பு மை டப்பாவில் தோய்த்து அழுத்தினான். குறி போடும் கட்டத்தில் முக்கோணம் போட்டான். இறந்தவரைப் பேராசைக்காரராகக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

பிறகு பலகையைத் தானே பதினைந்தாம் வீட்டுக்குக் கொண்டுபோனான். அவர்கள் பார்க்காமலே முத்திரை குத்தினார்கள். பதினாறாம் வீடும் பார்க்கவில்லை. பதினாறாம் வீட்டுக்காரர் பலகையோடும் ஜின்பெயோடும் பதினேழாம் வீட்டுக்கு வந்தார்.

பதினேழாம் வீடு என்னுடையது.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். எழுத்தை நானே ஒவ்வொன்றாகக் கற்றேன், மீன்பெட்டி மேல் இருந்ததையும் மருந்துச் சீட்டில் இருந்ததையும் பார்த்து. அதனால் எழுத்து எங்கே கிடைத்தாலும் விடமாட்டேன், கூர்ந்து பார்ப்பேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரைகளை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். பதினாலில் நின்றேன். செதுக்கும்போது திருப்பிச் செதுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, நேராகச் செதுக்கியிருந்தான். பெயர் இடம் வலம் மாறி விழுந்திருந்தது.

"அட, உஷியாமா அய்யா கண்ணாடிக்குள்ள இருந்து முத்திரை போட்டிருக்காரே," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ளச் சொன்னேன். சிரித்தேன்கூட. பதினாறாம் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு ஜின்பெயைப் பார்த்தார். அவன் காது சிவந்திருந்தது. கையிலிருந்தும் முள்ளங்கி வாசனை.

ஊர்த்தலைவருக்கு ஆள் போயிற்று. குனிமாட்சு நல்ல மேல்சட்டையோடேயே இறங்கி வந்தார். அவர் கோபப்படவில்லை. இறந்த ஒருவரின் கையை யாரோ பிடித்து எழுதியது போல இருக்கிறது என்று மட்டும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாள் செல்லாது. புதுத் தாள், புது மேலுறைக் கடிதம், முதல் வீட்டிலிருந்து மறுபடி. உஷியாமா வீட்டு வாசலில் ஜின்பெய் மன்னிப்புக் கேட்டால் போதும், விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம் என்று எல்லாரும் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஜின்பெய் ஆளில்லாத வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். அப்போது மணி மூன்று.

அவன் ஜெனரேட்டர் இல்லாமல் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது மிசாவோ சிரித்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. "அந்தாளு உசிரோட இருந்தப்பவே முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் பேசுவாரு," என்றாளாம். "முத்திரை திரும்பி விழுந்தா அது அவரே போட்டதுதான்." பிறகு, "என்னைத் தூக்குங்க. நான் நேர்ல போய் நின்னா என்ன பண்ணிடுவாங்க? பனியில வீசிடுவாங்களா?" என்றாள்.

பாசிக் கூடைகளை இழுக்கும் சறுக்குப் பலகையில் மெத்தை விரித்து அவளை உட்கார வைத்தான். சிலிண்டரை மடியில் கட்டினான். அதைப் பார்த்ததும் ஊர் முழுக்க வெளியே வந்தது. ஆமாம், கண்ணுகளா, ஒரு வீடு பாக்கியில்லாமல். பனி விலக்கக்கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லையே. நாற்பது பேர் பனிவாரியோடு இறங்கினோம். காலையில் ஜின்பெய் வெட்டிய பாதை பாதி மூடிக் கிடந்தது. அதை இரண்டு ஆள் அகலத்துக்குத் திறந்தோம். இருபது கிலோ இயந்திரத்தைக் குனிமாட்சுவே முதுகில் கட்டித் தூக்கினார், அவருக்கு இடுப்புவலி இருந்தும். நான் மிசாவோவின் கால்களுக்கு என் போர்வையைப் போட்டேன்.

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "இத்தன பேரு இருக்கீங்களே," என்றாள், மூச்சுக்கு நடுவே. "காலையில ஒரே ஒருத்தர் அந்தப் பலகையை அடுப்புல போட்டிருந்தா நான் வீட்லயே கதகதப்பா இருந்திருப்பேன்."

எல்லாரும் சிரித்தோம். மிசாவோ பேச்சு அப்படித்தான் என்று எங்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் வீட்டருகே சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்தது. இரண்டாம் வீட்டருகே அது அசைவதை நிறுத்தியது. ஜின்பெய் ஓடினான், எழுபது வயதுக்காரன் மேட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடினான்.

அலுவலக வாசலில் பனிக் காலணிகளைக் கழற்றினோம். நாற்பது ஜோடியையும், நுனி வெளியே பார்க்கும்படி, வரிசையாக வைத்தோம். அவசரம் என்று யாரும் எறிந்துவிட்டுப் போகவில்லை. மிசாவோவின் காலணியை ஜின்பெய் கழற்றினான். கயிற்றில் பனி உறைந்திருந்ததால் பல்லால் இழுத்து அவிழ்த்தான். உள்ளே வெதுவெதுப்பு. இயந்திரத்தைத் தரையில் வைத்து, மிசாவோவைச் சுவரில் சாய்த்து, குழாயைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கி இயந்திரத்தில் மாட்டியாயிற்று. மின்வடத்தின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜின்பெய் திரும்பினான். மின்துளைப் பெட்டி ஷிஷிடோவின் காலுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு முழம் தூரம்.

ஷிஷிடோ சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

அது செய்தியாளர்களுக்காக எழுதி வைத்தது. கப்பல் இல்லாததால் செய்தியாளர்கள் வரவில்லை. அதை வீணாக்க அவருக்கு மனமில்லை. ஊரே ஒன்றாக வந்து நின்றது வசதியாகப் போயிற்று. தலைக்கவசத்தைக் கழற்றி ஹோரிகோமேவிடம் கொடுத்துவிட்டுப் படித்தார்.

"இந்தப் பனிப்பொழிவில் தலைமையகத்தின் நடவடிக்கை தாமதமானது போன்ற ஒரு தோற்றம் ஊரார் மனதில் ஏற்பட்டிருக்குமானால், அந்தத் தோற்றத்துக்காக ஆழ்ந்து வருந்துகிறேன். தாமதம் ஏதும் நிகழவில்லை. பலகை பத்து மணிக்குத் தொங்கவிடப்பட்டது. பட்டியல் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது. ஜெனரேட்டர் இதுவரை ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. இதுவரை வட்டமிட்டுக் கோரிக்கை வைத்த வீடு ஒன்றுகூட இல்லை. இத்தகைய தன்னடக்கம் கொண்ட மக்களுக்குப் பணியாற்றுவதை நான் பெருமையாகக் கருதுகிறேன். ஆயினும் கவலை தந்ததற்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்கிறேன்."

படித்து முடித்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பிலிருந்து மடிந்து வணங்கினார். ஹோரிகோமேவும் வணங்கினார்.

ஒரு கிளைத் தலைவர் இவ்வளவு தாழ்ந்து வணங்கும்போது நாம் நின்றுகொண்டிருக்கலாமா? நாற்பது பேரும் வணங்கினோம். ஓரக்கண்ணால் நாங்கள் வணங்குவதைப் பார்த்து அவர் இன்னும் தாழ்ந்தார். அதைப் பார்த்து நாங்களும் தாழ்ந்தோம். முதலில் நிமிர்வது யார்? அவர் நிமிர்ந்தால் அவர் மன்னிப்பு பொய்யாகிவிடும். நாங்கள் நிமிர்ந்தால் அவரை மன்னிக்கவில்லை என்றாகிவிடும்.

குனிந்திருக்கும்போது தரைதான் தெரியும். ஜின்பெயின் ஈரமான காலுறை தெரிந்தது. அவனும் குனிந்திருந்தான். மின்வடத்தின் முனை அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பித்தளைப் பற்களும் விளக்கில் மின்னின. பின்னால் சுவரோரம் மிசாவோவின் மூச்சு கேட்டது, கதவிடுக்கில் காற்று நுழைவது போல. நான் கேட்டேன். எனக்குப் பக்கத்தில் குனிமாட்சுவும் கேட்டிருப்பார். பிறகு அது நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது, கண்ணுகளா. சபை மரியாதைக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. ஹோரிகோமேதான் தும்மினார். அதைச் சாக்காக வைத்து எல்லாரும் ஒன்றாக நிமிர்ந்தோம்.

ஜின்பெய் ஷிஷிடோவிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் காலுக்குப் பின்னால் கையை நீட்டி, முனையைச் செருகினான். இயந்திரம் முனகத் தொடங்கியது. குப்பியில் குமிழி எழுந்தது. அவன் மிசாவோவின் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கிலிருந்து நழுவியிருந்த குழாயைச் சரிசெய்தான். அவள் தலை அவன் பக்கம் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினான். மறுபடி சாய்ந்தது.

 ஜின்பெய் இரண்டு தடவை செருமினான்.

"அளவைக் கொஞ்சம் கூட்டி வெக்கலாமா?" என்று கேட்டான்.

ஹோரிகோமே கிளைத் தலைவரைப் பார்த்தார். ஷிஷிடோ தலைக்கவசத்தை வாங்கி மறுபடி அணிந்துகொண்டார்.

"வெச்சுக்கோங்க. இதை நான் தனி அனுமதியா தரேன்," என்றார்.

அந்த அனுமதியை யாரும் திரும்பப் பெறவில்லை. மறுநாள் நண்பகலில் ஊருக்கு மின்சாரம் வரும் வரை அந்த மூலையில் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது, ஜின்பெய் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தான். அறிக்கையில் பனியால் உயிரிழப்பு சுழியம் என்றும், அலுவலகத்துக்குச் சொந்த வேலையாக வந்தவர் ஒருவர் என்றும் எழுதினார்கள். பெருநிலத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் வந்தது. கீழ்க்குடியின் ஒற்றுமையைக் குறிப்பிட்டிருந்தார்கள். அதிலும் பொய் ஒன்றும் இல்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. கழுத்துத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் தூங்குகிறவர்களுக்கு மூச்சு சீராக ஓடட்டும். பிறர் தவறைக் கண்டுபிடிக்கிற கண் உங்கள் வீட்டில் யாருக்கும் வாய்க்க வேண்டாம். வாய்த்தாலும் அதற்கு நாக்கு இல்லாமல் இருக்கட்டும். எவ்வளவு பெரிய மனிதர் எவ்வளவு தாழ்ந்து வணங்கினாலும், சுவரோரம் சாய்ந்திருப்பவரைப் பார்ப்பதற்கு முதலில் நிமிர்கிற தலை ஒன்றாவது, ஒவ்வொரு தலைமுறையிலும், உங்கள் வீட்டில் பிறக்கட்டும்.